சுருதி இறங்கியவள்

எங்கள் கரட்டுப்புதூரில் மழை பொய்த்த மூன்றாம் வருஷம், ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கல்கத்தா லைனுக்குப் போய்த் திரும்பியிருந்த லாரி டிரைவர் செங்கோடனின் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு பாட்டு கேட்க ஆரம்பித்தது. அவன் பெண்டாட்டி பாவாயி, மனுஷன் ரேடியோவை அணைக்காமல் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டுத் தூங்குகிறான் என்று நினைத்துத் தலையணையை உதறினாள், போர்வையை உதறினாள், கடைசியில் புருஷனையே புரட்டிப் பார்த்தாள், பாட்டும் அவனோடு புரண்டது. அவன் வாய் மூடித்தான் இருந்தது. வரி இல்லாத பாட்டு, மெட்டு மட்டும். நாலு படி ஏறி, ஒரு படியில் நின்று யோசித்து, இரண்டு படி இறங்கி, மறுபடி முதலிலிருந்து ஏறும். பாவாயி காப்பி வைக்கப் போய்விட்டாள். சர்க்கரை தீர்ந்திருந்தது, அன்றைக்கு அவளுக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

புரட்டாசிக்குள் எட்டு வீட்டில் கேட்டது. தை பிறந்தபோது இருபது வீட்டைத் தாண்டிவிட்டது. முதலில் டிரைவர்கள், அப்புறம் கிளீனர்கள், அப்புறம் அவர்கள் பெண்டாட்டிமார், எல்லார் நெஞ்சிலும் அதே மெட்டு, ஆளுக்கொரு சுருதியில். ஆஸ்பத்திரி டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பி, வந்த சீட்டுகளை வரிசையாக மேஜைமேல் வைத்து, எய்ட்ஸ் என்றார். பாட்டைப்பற்றித் தன் புத்தகத்தில் ஒன்றும் இல்லை என்றும், தொட்டால் வராது, ஒரே டம்ளரில் குடித்தால் வராது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் வராது என்றும், மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள், நம்ம பக்கம் இன்னும் வந்து சேரவில்லை என்றும் சொன்னார். கடைசியாகச் சொன்னதைத் தவிர வேறெதையும் யாரும் நம்பவில்லை. ஊர் அதற்குப் பாட்டுச்சீக்கு என்று பெயர் வைத்தது.

நான் ஹாரன் மாஸ்டர் மாரப்பன். பைபாஸ் ரோட்டில் எடைமேடைக்கு எதிரே என் பட்டறை. லாரிக்கு ஏர் ஹாரன் பொருத்துவதும், பொருத்திய ஹாரனுக்குச் சுருதி கூட்டுவதும் தொழில். ஊருக்குள் நுழையும் லாரியின் ஹாரனைக் கேட்டு அது யாருடைய வண்டி, எத்தனை வருஷத்துப் பழசு, உள்ளே தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சாப்பாட்டிலிருந்து எழுந்திருக்காமலே சொல்வேன். பஞ்சாபிலிருந்துகூட என் காதைத் தேடி வண்டி வரும். கொஞ்சம் தலைக்கனம் உண்டு எனக்கு, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லாம் கெட்டது.

ஊர் இந்தப் பாட்டுக்கு வெகு வேகமாகப் பழகிக்கொண்டது. லாரி முதலாளிகள் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால், டயரில் காற்று இருக்கிறதா என்று கம்பியால் தட்டிப் பார்ப்பதுபோல, டிரைவரின் நெஞ்சில் விரலால் தட்டிக் காதை வைத்துப் பார்த்தார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தைப் பிரிக்கும்முன் ஒரு காது நல்ல கிழவரைக் கூட்டிப் போனார்கள். டவுன் பஸ்ஸில் பாட்டுக்காரர்களுக்குக் கடைசி சீட்டு. அங்கேயும் ஐந்து பேராகச் சேர்ந்து உட்கார்ந்தால் ஐந்து சுருதியும் மோதி டிரைவருக்கு கியர் மாறிப்போகிறது என்று கண்டக்டர் அவர்களைப் பிரித்து உட்காரவைத்தார். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அதற்குள் பஞ்சைத் திணித்துக்கொண்டு ஆட்கள் கடைத்தெருவில் நடந்தார்கள், வேர்வை சொட்டச் சொட்ட, ஒன்றுமே இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. மாரியம்மன் சாட்டுத் திருவிழாவில் மேளக்காரர்கள் தங்கள் சுருதி கலைகிறதென்று சொல்லி அவர்களைக் கோயில் வாசலுக்கு அந்தப்பக்கம் நிறுத்தினார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் அழவில்லை, எல்லாம் ஏதோ வீட்டுவரி கட்டுவதுபோல நடந்தது.

செங்கோடன் மாசியில் செத்தான். அவன் பாட்டு அவன் மூச்சுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஓடி, ஏறுகிற படியிலேயே நின்றது. அதற்குள் பாவாயிக்கும் நெஞ்சில் கேட்க ஆரம்பித்திருந்தது. சவ்வரிசி ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை, மாவுக்குள் பாட்டு இறங்கிவிடும் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு ஒரே பெண், மரகதம், ஆறு வயசு. பிள்ளையின் நெஞ்சில் ஒன்றும் இல்லை, டாக்டரின் சீட்டிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் டீச்சர் அவளைக் கதவோரம் தனியாக உட்காரவைத்து, திங்கட்கிழமைதோறும் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பாடம் நடத்தினார்.

பாவாயிக்குத் தன்னைப்பற்றி ஆசை எதுவும் மிச்சம் இல்லை. தனக்குப் பிறகு பிள்ளைக்கு ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான். அவள் அண்ணன் பொங்கியண்ணன் நாலு மைல் தள்ளி வேட்டுவங்காட்டில் தறி ஓட்டினான், அவனுக்கும் பெண்டாட்டி சரசாவுக்கும் இரண்டு பிள்ளைகள். அவன் தங்கச்சியிடம் பட்டென்று சொல்லியிருந்தான்.

"இத பாரு பாவாயி, உன்ற புருசன் கொண்டாந்து உனக்குக் குடுத்திருந்தான்னா அது உன்ற தலையெழுத்து, நான் புள்ளையக் கூட்டிப் போயி என்ற புள்ளைங்களோட வளத்தறேன். ஆனா ஊருக்குள்ள வேற பேச்சு வந்துதுன்னா சரசா புள்ளைய வாசப்படி ஏத்த மாட்டா. நானும் சொல்ல முடியாது."

"வராதுண்ணா," என்றாளாம் பாவாயி. "நான் ஆலைக்குப் போனேன், வந்தேன். வேறெங்க போனேன்?"

அந்த நேரம் பார்த்துத்தான் படக்காரர் வந்தார். சுதர்சனம் என்று பெயர், பட்டணத்து ஆள், நல்ல மனுஷர்தான், எல்லாரிடமும் கைகொடுத்துப் பேசினார், அதற்காகவே ஊர் அவரைச் சந்தேகப்பட்டது. நோய்பற்றி ஜனங்களுக்குச் சொல்ல ஒரு படம், முழுக்கப் பாட்டாகவே எடுக்கப் போகிறேன், பின்னணி இசை உங்கள் நெஞ்சிலேயே இருக்கிறது, எனக்கு வேறென்ன வேண்டும் என்றார். லாரிக்காரர் சங்கத் தலைவர் நாட்ராயன் அவரை எடைமேடை ஓரம் உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். இரண்டு இளநீர் குடித்து முடித்த பிறகு படக்காரர் கேட்டார்.

"பாட்டு இருக்குங்க, கூட்டம் இருக்கு. ஆரம்பம்தான் இல்ல. யார்கிட்டேருந்து ஆரம்பிச்சுது? படத்துக்கு ஒரு முதல் ஆள் வேணும்ல?"

முதலில் கேட்டது செங்கோடனிடம்தான், அவனுக்குக் கொடுத்தது யார் என்று ஊரே காத்துக்கொண்டிருந்த கேள்வி அது. எல்லார் வாயிலும் மாசக்கணக்காக இருந்து, யாரும் துப்பாமல் வைத்திருந்த கேள்வி. நாட்ராயன் எதிரே பட்டறையில் இருந்த என்னைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். டாக்டருக்கு விஷயம் தெரிந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். "முதல் ஆளைக் கண்டுபுடிச்சு என்ன செய்யப் போறீங்க? சோத்துக்கு வழியில்லாம இருக்காங்க, அதைப் பாருங்க," என்றார். டாக்டர் வெளியூர்க்காரர், அவர் பேச்சு எடுபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாட்டுள்ள முப்பத்தேழு பேரையும் எடைமேடைக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஊரே சுற்றி நின்றது. நான் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து, ஒவ்வொருவர் முதுகிலும் துண்டை மடித்துப் போட்டு, காதை வைத்துக் கேட்டேன். என்னிடம் ஒரு விதி இருந்தது, முப்பது வருஷம் என்னை ஏமாற்றாத விதி: ஹாரன் பழசாக ஆக உள்ளே தகடு தளர்ந்து சுருதி கீழே இறங்கும், ஒருநாளும் தானாக மேலே ஏறாது; அதனால் எது எல்லாவற்றுக்கும் கீழே கிடக்கிறதோ அதுதான் எல்லாவற்றுக்கும் பழசு. மனுஷ நெஞ்சுக்கும் அதே விதிதான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

வரிசையில் இருபத்தொன்பதாவதாக நின்றாள் பாவாயி. அவள் முதுகில் துண்டைப் போட்டபோது துண்டு எலும்பில் நின்றது. அவள் சுருதி எல்லாரையும்விடக் கீழே இருந்தது. நான் மறந்துபோகாத செங்கோடனின் சுருதியைவிடவும் ஒரு படி கீழே இருந்தது. நான் நிமிர்ந்து, பெரிய வித்தைக்காரனாட்டம் கண்ணை மூடித் திறந்து, "இதுதான் எல்லாத்துக்கும் கீழ. வெளிய கேட்டது பின்னாடின்னாலும் உள்ள வந்தது செங்கோடனுக்கும் முந்தி," என்றேன்.

வரிசையில் நின்ற ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டதைக் கேட்டேன். அவர்கள் கல்கத்தாவிலும் விஜயவாடாவிலும் ராத்தங்கிவந்த கதையெல்லாம் அந்த ஒரு மூச்சில் துடைத்துக்கொண்டு போயிற்று. எப்படி, எவனிடமிருந்து, என்று யாரும் அவளைக் கேட்கவில்லை; கேட்காமலே ஆளுக்கு ஒன்று தெரிந்திருந்தது, ஆலை மேஸ்திரி என்றார்கள், சேலத்து வியாபாரி என்றார்கள். பாவாயி என்னையே பார்த்தாள்.

"மாஸ்டருங்க, நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. இன்னொருக்காக் கேளுங்க," என்றாள்.

"என்ற காது ஒருக்காக் கேட்டாப் போதும் அம்மிணி," என்றேன்.

கூட்டத்தில் பொங்கியண்ணன் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு பை வைத்திருந்தான், அதற்குள் மரகதத்துக்குப் புதுச் சட்டை, மஞ்சளில் பூப்போட்டது, மேலே துருத்திக்கொண்டு தெரிந்தது. அவன் பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தான். மரகதம், "மாமா, மாமா" என்று எடைமேடை தாண்டி ரோடுவரைக்கும் பின்னால் ஓடினாள்.

படம் எடுத்தார்கள். பாவாயியாக நடிக்க மூக்குத்தி போட்ட ஒரு சிவத்த பெண்ணைப் பட்டணத்திலிருந்து கூட்டிவந்தார்கள். லாரிகளுக்கு நடுவே ஜிகினாப் புடவையில் அந்தப் பெண் ஆட, டிரைவர் வேஷக்காரர்கள் பின்னால் ஆட, பாட்டு மட்டும் அசல் பாவாயியின் நெஞ்சிலிருந்து வரவேண்டும் என்றார் படக்காரர். முதல் ஆளின் பாட்டு அல்லவா! அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து நெஞ்சுக்கு நேராக மைக்கைக் கட்டினார்கள். பதினோரு நாள். வேளாவேளைக்குப் படக்கம்பெனிச் சாப்பாடு வந்தது, சோறு, குழம்பு, முட்டை, வாழைப்பழம், நாலு மணிக்கு வடையும் டீயும். பிள்ளைக்கும் தனி இலை போட்டார்கள். பாவாயி முதல்நாள் தன் இலையைப் பிள்ளை பக்கம் தள்ளிவைத்ததையும், பிள்ளைக்கு அது, உனக்கு இது என்று பரிமாறியவர் சொன்ன பிறகுதான் கை வைத்ததையும் நானே பார்த்தேன்.

பதினோராம் நாள் மைக் கட்டியவர் கத்தினார். முதல் நாள் எடுத்ததும் இன்றைக்கு எடுத்ததும் ஒட்டவில்லை, மெஷினில் கோளாறு என்றார். என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்க் காதை வைத்தேன். மெஷினில் கோளாறு ஒன்றும் இல்லை. பாவாயியின் சுருதி ஏறியிருந்தது. ஒரு படி இரண்டு படி இல்லை, மூன்று படி, அந்த முப்பத்தேழு பேரில் பாதிப் பேருக்கு மேலே போய் நின்றுகொண்டு கணீரென்று கேட்டது. நான் துண்டை எடுத்து மறுபடி போட்டேன். மறுபடி கேட்டேன். முதுகு முன்போல் குத்தவில்லை, எலும்புக்கு மேலே கொஞ்சம் சதை இருந்தது.

அப்போது புரிந்தது. ஹாரன் சோறு தின்னாது. நெஞ்சு தின்னும். கீழே கிடந்தது பழசு இல்லை, பட்டினி. ஆலையை விட்டு நிறுத்திய நாளிலிருந்து அவள் ஒருவேளைச் சோற்றையும் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். ஊரிலேயே அதிகம் பட்டினி கிடந்தவளைப் பார்த்து, நீதான் எல்லாருக்கும் கொண்டுவந்தாய் என்று சொல்லியிருக்கிறேன்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். படக்காரர் அங்கேதான் நின்றார், நாட்ராயன் அங்கேதான் நின்றார். என் வாய் திறக்கவில்லை. காது தப்பு என்று தெரிந்தால் எந்த லாரி என் பட்டறையில் நிற்கும், பஞ்சாப்காரன் எதற்கு வருவான் என்று யோசித்தேன். "மெஷினைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த வெட்கத்தை இன்றைக்கு வரைக்கும் எதைப் போட்டுத் தேய்த்தும் கழுவ முடியவில்லை.

வைகாசியில் படத்தைச் சங்கத்து மைதானத்தில் திரைகட்டிக் காட்டினார்கள். படம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஜிகினாப் புடவைக்காரி ஒவ்வொரு லாரியாகத் தொட்டுத் தொட்டு ஆடினாள், தொட்ட லாரியெல்லாம் பாடியது, முடிவில் எல்லாரும் அவளை நோக்கி விரலை நீட்டினார்கள். அந்த மெட்டு யாரையும் விடாது. ஊரே கூடச் சேர்ந்து பாடியது, சீக்கு உள்ளவர்கள் நெஞ்சால் பாடினார்கள், இல்லாதவர்கள் வாயால் பாடினார்கள், டீச்சர் பாடினார், கண்டக்டர் பாடினார், கோயில் மேளக்காரர்கள் தொடையில் தாளம் போட்டார்கள், மாசக்கணக்காகப் பஞ்சைத் திணித்துக்கொண்டு நடந்த ஜனம் ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுச் சந்தோஷமாகப் பாடியது. நான் எழுந்து, "நிறுத்துங்க, நான் சொன்னது தப்பு, சுருதி சோத்துல ஏறுது," என்று கத்தினேன். பக்கத்திலிருந்தவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"ஒக்காருங்க மாஸ்டர். பாட்டு முடியட்டும்."

முடியவில்லை. மறுநாளும் பாடினார்கள். நாட்ராயன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், படமே வந்திருச்சு, இன்னமே என்னத்த மாத்தறது என்றார்.

படக்கம்பெனி போனதோடு சாப்பாடும் போயிற்று. ஆனி முடிவதற்குள் பாவாயி ஆஸ்பத்திரி வராண்டாவில் பாய் போட்டுக் கிடந்தாள். அவள் சுருதி அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது, தரையில் கை வைத்தால்தான் தெரிந்தது. மரகதம் அவள் காலடியில் உட்கார்ந்து ஒரு பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததெல்லாம் சொல்லி, அம்மிணி என்னை மன்னிச்சிரு என்றேன்.

அவள் பிள்ளை பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு எதுக்குங்க வந்து சொல்றீங்க? எனக்குத்தான் மொதல்லயே தெரியுமே. என்ற அண்ணங்கிட்டப் போயிச் சொல்லுங்க."

மரகதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வேட்டுவங்காட்டுக்குப் போனேன். பொங்கியண்ணன் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தான். சரசா கதவுக்குள் நின்றுகொண்டு, தன் பிள்ளைகள் இரண்டையும் பின்னால் தள்ளிப் பிடித்திருந்தாள். நான் சொன்னேன், விதி தப்பு, காது தப்பு, அவள் முதல் ஆள் இல்லை என்று. பொங்கியண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் அவன் பார்வை பிள்ளைமேல் விழாமல் தறிக்கூரையிலேயே இருந்தது.

"செரி, அவ இல்லீங். அப்ப ஆரு?" என்று உள்ளேயிருந்து சரசா கேட்டாள்.

"ஆருன்னு தெரியாது தாயி. டாக்டரு சொல்றாரு, அதத் தேடுறதே—"

"ஆருன்னு தெரியாதுன்னா அவதான். ஊரே படத்துல பாத்துச்சு. வேறொரு ஆளு இருந்தாச் சொல்லுங்க, புள்ளைய இப்பவே உள்ள கூப்படறேன். இல்லீன்னா வந்த வழியே கூட்டிப் போங்க."

மரகதம் என் விரலைப் பிடித்திருந்தாள். மாமன் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து, கையில் மிச்சமிருந்த பன்னை நீட்டினாள். யாரும் வாங்கவில்லை. எனக்கு அந்த முப்பத்தாறு பேரின் முகமும் வரிசையாக வந்தது, யாரைச் சொல்ல, யாரைச் சொன்னாலும் அவர்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கிறது.

"நான்," என்றேன்.

பொங்கியண்ணன் இப்போதுதான் என்னைப் பார்த்தான்.

"நாந்தான் மொத ஆளு. எனக்கப்புறந்தான் செங்கோடன், எல்லாரும். பயந்துக்கிட்டு பாவாயி தலைல போட்டுட்டேன்."

"உங்க நெஞ்சுல பாட்டே இல்லீங்களே," என்றான். "ஊருக்கே தெரியுமே."

"கேட்டுப் பாரு."

அவன் துண்டைக்கூட மடித்துப் போடவில்லை, அப்படியே என் நெஞ்சில் காதை அழுத்தினான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் நெஞ்சில் ஒன்றும் கிடையாது, எல்லாருக்கும் துடிப்பதுபோல் துடித்துக்கொண்டிருந்தது, கொஞ்சம் வேகமாக. ரொம்ப நேரம் கேட்டான். நிமிர்ந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"சரசா," என்றான், "ஒண்ணுமே கேக்குல. அவ்ளோ கீழ எறங்கிக் கெடக்குது. மனுசக் காதுக்கே எட்டல."

எப்படி, யாரிடமிருந்து என்று அவர்களும் கேட்கவில்லை. சரசா வாசலுக்கு வந்தாள். என் கையிலிருந்து மரகதத்தை வெடுக்கென்று பிடுங்கி, என் கைபட்ட இடத்தைத் தன் முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்து, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் போட்ட முதல் கூச்சல், "எந்தங்கத்த இத்தன நாளு பட்டினி போட்டுட்டாங்களே," என்பதுதான். அதைக் கேட்டதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாவாயியிடம் போய்ச் சொன்னேன். பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டாள். சாப்பிட்டாள் என்றேன். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். பொங்கியண்ணன் ஊரறிய வந்து தங்கச்சிக்குக் கொள்ளி வைத்தான்.

நான்தான் முதல் ஆள் என்ற சேதி அதற்குள் கரட்டுப்புதூருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அடித்தார்கள். அடிக்க வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கை ஓங்கவே தெம்பில்லை, ஓங்கிவிட்டு என்மேலேயே சாய்ந்துகொண்டு இளைத்தார்கள், அவர்கள் பாட்டு என் காதோரம் ஓடியது. என் பெண்டாட்டி ராசாமணி, உங்களுக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் இந்த ஊரில்தானே தண்ணீர் பிடிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு அதே ஊரில் இருந்த அம்மா வீட்டுக்குப் போனாள். பட்டறைக்கு வண்டி வருவதில்லை. டாக்டர் மட்டும் சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, இவருக்கு நோய் இல்லை என்று ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டினார், யாரோ அதன்மேல் சினிமா போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். மருந்து இரண்டு வருஷம் கழித்து வந்தது. அப்போது முப்பத்தேழில் பதினாலு பேர் மிச்சம் இருந்தார்கள், அவர்களுக்கு மெல்ல மெல்லச் சுருதி ஏறி, ஒருநாள் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய், ஊர் அமைதியாகிவிட்டது.

போன வாரம் தெரியாத்தனமாக வேட்டுவங்காட்டுப் பாதையில் நடந்துவிட்டேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம். பொங்கியண்ணனின் பையனும் பெண்ணும் மரகதமும் வந்துகொண்டிருந்தார்கள். மரகதம் நன்றாக வளர்ந்திருக்கிறாள், இரட்டை ஜடை, கன்னம் உப்பியிருந்தது. பையன் என்னைக் காட்டி அவள் காதில் ஏதோ சொன்னான். மூன்று பேரும் குனிந்து ஆளுக்கொரு கல் பொறுக்கினார்கள். பையன் எறிந்தது தவறியது, பெண் எறிந்தது தவறியது. மரகதத்தின் கல் என் நெற்றியில் பட்டது. "எங்கம்மாளக் கொன்னவன்," என்று கத்தினாள். உடனே மாமன் மகன் அவளுக்கு முன்னால் வந்து கையை விரித்து மறைத்துக்கொண்டான், மாமன் மகள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள், மூன்று பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார்கள். நான் ரத்தத்தைத் துடைக்காமல், அவர்கள் கதவு சாத்துகிறவரைக்கும் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.